யானை வழியும் பட்டா நிலமும்: சீகூரில் சட்டம் பிந்தி வந்த கதை

காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்றெல்லாம் சொல்லும்போது, வேலி போட்டு அரசு தன் கையில் வைத்திருக்கும் காட்டை நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்புக்குள் அடங்காத நிலமும் நிறைய உண்டு. காட்டை ஒட்டியோ, காட்டுக்கு நடுவிலோ பட்டா நிலங்கள் இருக்கின்றன, ஊர்கள் இருக்கின்றன, கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை இருக்கின்றன. விலங்குக்குச் சர்வே எண் தெரியாது என்பதால், காட்டைக் காக்கிற பொறுப்பின் ஒரு பங்கு அந்தப் பட்டாக்காரர் தலையிலும் விழுகிறது. அவர் தன் நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதை அரசு எப்படி முடிவு செய்ய வேண்டும்? நீலகிரியின் வடக்கு அடிவாரத்தில் உள்ள சீகூர்ப் பீடபூமியை முன்வைத்து இதைப் பேசப்போகிறேன். அங்கே சட்டம் இல்லாமல் போகவில்லை. தேவைக்கு மேலாகவே சட்டங்கள் இருந்தன. ஆனால் எதுவும் நிலத்தின் மேல் எழுதப்படவில்லை. எழுதப்பட்டபோது கட்டடங்கள் எழும்பி முடிந்திருந்தன. கட்டுப்பாட்டின் கடுமையைவிட அது வந்து சேரும் காலமும், அது எந்தத் துண்டு நிலத்தைக் குறிக்கிறது என்ற துல்லியமும்தான் முக்கியம் என்பது என் வாதம்.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் மழை மறைவுப் பகுதியான ஒரு சமதளம் வருகிறது. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், சொக்கநள்ளி, ஆனைகட்டி, சிறியூர் ஆகிய ஊர்கள் அதில்தான் இருக்கின்றன. முள்புதரும் வறண்ட இலையுதிர்காடும் கலந்த நிலம். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு. வடக்கே மாயாறு வெட்டிய ஆழமான பள்ளத்தாக்கு. மேற்கே முதுமலை, பந்திப்பூர், வயநாடு; கிழக்கே சத்தியமங்கலம். மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத்தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வர இந்தச் சமதளம் தேவைப்படுகிறது. ஆசிய யானைகளின் மிகப் பெரிய கூட்டம் வாழும் நிலப்பரப்பு இது. யானை செங்குத்துச் சரிவில் ஏறிச் சுற்றிப் போகாது. மலைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கிடைக்கிற தட்டையான நிலத்தில்தான் நடக்கும். மனிதனும் வீடு கட்டத் தேடுவது அதே தட்டையான நிலத்தைத்தான். பிரச்சினையின் வேர் இந்த எளிய புவியியலில் இருக்கிறது. யாருடைய பேராசையையும் இழுக்காமலே இவ்வளவு தூரம் அதை விளக்கிவிடலாம். பேராசை அதற்குப் பின்னால் வருகிறது.

இந்தச் சமதளத்தை முதலில் துண்டாடியது தனியார் விடுதிகள் என்று சொன்னால் அது பாதி உண்மை. பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்நிலையம் 1932இல் சிங்காராவில் இயங்கத் தொடங்கியது. மலை மேலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள், பிறகு மரவகண்டி நீர்த்தேக்கம், அங்கிருந்து மாயார் மின்நிலையத்துக்கு ஓடும் கால்வாய் என்று யானையின் நடையை மறிக்கும் பெரிய கட்டுமானங்கள் அரசுடையவை. மின்வாரியப் பணியாளர்களாலும் அவர்களை நம்பி வந்த கடைக்காரர்களாலும் மசினகுடி வளர்ந்தது. அதற்கு முன்பே அங்கே இருளர்களும் குறும்பர்களும் இருந்தார்கள்; கால்நடை வளர்த்தவர்கள் இருந்தார்கள். சுற்றுலா கடைசியாக வந்து சேர்ந்த அடுக்கு. ஆனால் இரவில் விளக்கும் இசையும் மின்வேலியும் கொண்டுவந்தது அந்தக் கடைசி அடுக்குதான். மின்வாரிய ஊழியர் குடியிருப்பு ஒரே இடத்தில் நெருக்கமாக நின்றது. விடுதிகள் யானை வரும் இடமாகப் பார்த்துச் சிதறி நின்றன. விற்பனைச் சரக்கே யானை என்பதால்.

இந்த விடுதிகளைப் பற்றிய வழக்கின் வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பொதுநல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் நிபுணர் குழு அமைத்தது. அதையடுத்து 2010 ஆகஸ்ட் 31 அன்று தமிழக அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்து அரசாணை வெளியிட்டது. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, விடுதிக்காரர்கள் மூன்று மாதத்தில் காலிசெய்து மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2018 ஆகஸ்டில் அந்த நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. அரசாணை செல்லும், முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி யானை வழித்தடத்தைக் காக்க அரசுக்கு அதிகாரமும் கடமையும் உண்டு என்றது தீர்ப்பு. நிலக்காரர்களின் தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. காட்டுயிர்ப் பாதுகாப்பின் பக்கம் நிற்பவர்கள் இதை வெற்றி என்றார்கள். தீர்ப்பின் சாரம் சரியென்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தக் குழு எதற்காகத் தேவைப்பட்டது என்பதை யாரும் அதிகம் பேசவில்லை. நிபுணர் குழு பரிந்துரைத்த வழித்தடத்தின் பரப்பும் அரசாணையில் கண்ட பரப்பும் ஒத்துப்போகவில்லை என்பது நிலக்காரர்கள் எழுப்பிய முக்கியமான புகார். அரசாணை வெளிவந்து பத்தாண்டு கழித்து, என் நிலம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒருவர் முன்னாள் நீதிபதி முன் நின்று கேட்க வேண்டியிருந்தது. யானைக்கும் அந்தப் பத்தாண்டில் எதுவும் கிடைக்கவில்லை. கட்டடங்கள் அப்படியே நின்றன.

கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். இப்படிப்பட்ட பகுதியில் ஒரு துண்டு நிலம் விடுதியாக மாறும் வழி பெரும்பாலும் இதுதான். விவசாய நிலம் கிரையமாகிறது. வாங்குபவர் வில்லங்கச் சான்று எடுக்கிறார். அடமானமும் முந்தைய விற்பனைகளும் அதில் வரும், யானை வராது. சார்பதிவாளர் முத்திரைத்தாள் கட்டணத்தைப் பார்க்கிறார், பத்திரம் பதிவாகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாறுகிறது. பிறகு ஊராட்சியில் குடியிருப்பு வீடு என்று சொல்லி ஒரு வரைபடத்துக்கு அனுமதி, வீட்டு இணைப்பு என்று மின்சாரம். அடுத்த ஆண்டு நான்கு குடில், அதற்கடுத்து நீச்சல்குளம், சுற்றிச் சூரியசக்தி மின்வேலி. இதில் பங்குகொண்ட ஒவ்வோர் அலுவலகமும் தன் தாளைச் சரியாகவே பார்த்திருக்கும். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990இலிருந்து இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மலைப்பகுதிக் கட்டட விதிகள் 1993இலிருந்து இருக்கின்றன. ஆனால் கிரையப் பத்திரம் எழுதும் மேசைக்கு இவற்றில் ஒன்றும் வந்து சேர்வதில்லை. நிலத்தின் விலை அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. விடுதி கட்டலாம் என்ற எதிர்பார்ப்பில் விலை கொடுத்தவர், பிறகு கட்டாதே என்றால் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார், வழக்குக்குப் போவார், வழக்கு நடக்கும் காலம் முழுவதும் வருமானம் பார்ப்பார். கட்டக்கூடாது என்று முன்பே தெரிந்திருந்தால் அவர் அந்த விலையைக் கொடுத்திருக்கவே மாட்டார். பதிவு அலுவலகத்தில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டதுண்டு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, பல்லாண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்காத மனைப்பிரிவு விதிகள் ஒரே வாரத்தில் தேநீர்க் கடைப் பேச்சாயின.

இந்தியச் சட்டம் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் பொதுவான தீர்வு, தூரத்தை வைத்து வட்டம் போடுவது. சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் என்ற எண்ணம் 2002 முதல் சுற்றிவந்தது. 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் குறைந்தது 1 கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் எல்லாச் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வேண்டும் என்றது. கேரளத்தின் மலைப்பகுதிகளில் கடையடைப்பும் போராட்டமும் எழுந்தன. சென்னையின் நடுவில் மூன்று சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாத கிண்டி தேசியப் பூங்காவைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் போட முடியாது என்பதை அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் நீதிமன்றம் தன் ஆணையைத் தளர்த்தியது. வட்டத்தின் குறை என்னவென்றால் அது நிலத்தைப் பார்ப்பதில்லை. எல்லையிலிருந்து 900 மீட்டரில் இருக்கும் பழைய கடைத்தெருவும், 1,100 மீட்டரில் இருக்கும் யானை இறங்கும் ஓடைக்கரையும் அதற்கு ஒன்றுபோல் இல்லை. கடைத்தெரு உள்ளே, ஓடைக்கரை வெளியே. நியாயமாகச் சொன்னால், சூழல் உணர்திறன் மண்டல அறிவிக்கைகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இரண்டு ஆண்டுக்குள் மாநில அரசு மண்டலப் பெருந்திட்டம் ஒன்றை உள்ளூர் மக்களைக் கலந்து தயாரிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. வட்டத்தை நிலமாக மாற்றக்கூடிய ஆவணம் அதுதான். தடைகளின் பட்டியலைப் பற்றி நடக்கும் சண்டையில் அந்தத் திட்டத்தை யாரும் கேட்பதேயில்லை.

நிலத்தைப் பார்த்து எழுதிய ஒரு சட்டத்துக்கு உதாரணம் தேடினால் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே அடிரான்டாக் பூங்கா 1892இல் உருவானது. ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கர். அதில் பாதிக்கும் குறைவுதான் அரசு நிலம். அது என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. மற்றது தனியார் நிலம், நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களோடு. 1960களில் நெடுஞ்சாலை வந்ததும் நகரத்தார் இரண்டாம் வீடு கட்ட வந்தார்கள். பல்லாயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி ஆயிரக்கணக்கில் வீடு போடத் திட்டமிட்ட நிறுவனங்களும் வந்தன. மாநில அரசு 1971இல் ஒரு முகமையை அமைத்தது. 1973இல் தனியார் நிலம் முழுவதற்கும் வரைபடம் வந்தது. ஆறு வகை நிலம். ஊர்மனைப் பகுதியில் வீட்டு எண்ணிக்கைக்கு முகமை வரம்பு வைக்கவில்லை. படிப்படியாக இறங்கி, காடும் விவசாயமும் மிகுந்த கடைசி வகையில் ஒரு சதுர மைலுக்கு 15 முதன்மைக் கட்டடம் மட்டும். சராசரியாகக் கட்டடம் ஒன்றுக்கு 42 ஏக்கருக்கு மேல். எதையும் கட்டாதே என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எத்தனை, எங்கே என்று சொன்னது. வாங்குவதற்கு முன்னால் சொன்னது. நிலத்தை வாங்க வந்தவர் வரைபடத்தின் நிறத்தைப் பார்த்தே விலை பேச முடிந்தது. அங்கேயும் உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள், இன்றும் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. வீட்டு விலை உயர்ந்து உள்ளூர் இளைஞர்களுக்கு எட்டாமல் போகிறது என்பது நியாயமான குறை. ஆனால் அந்தச் சண்டை விதியைப் பற்றிய சண்டை. என் நிலத்துக்கு விதி எது என்று தெரியாமல் நடக்கும் சண்டை அங்கே மிகக் குறைவு.

அடிரான்டாக்கில் யானை இல்லை, அதனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டிய ஆட்சேபம் இது. காட்டின் அமைதியைக் காக்க அடர்த்தி வரம்பு போதும். நடந்து போகும் விலங்குக்கு ஒரே ஒரு கட்டடம் தவறான இடத்தில் நின்றாலும் போதும், வழி அடைபட்டுவிடும். சதுர மைலுக்குப் பதினைந்து வீடு சிதறி நின்றால் சீகூரில் நிலைமை இன்றைவிட மோசமாகும். ஆகவே இங்கே வரைபடம் எண்ணிக்கையைவிட இடத்தைப் பார்த்து எழுதப்பட வேண்டும். மசினகுடி ஊர்நத்தத்தை ஒட்டி நெருக்கமாகக் கட்ட அனுமதி தரலாம். ஓடைகளையும் மாயாற்றுக்கு இறங்கும் தடங்களையும் ஒட்டிய நிலத்தில் அறவே கூடாது. இதற்கு எதிராக இன்னொரு கேள்வி வரும்: யானை இன்று நடந்த வழியில் நாளையும் நடக்குமா? சீகூர் வெறும் கடக்கும் பாதையே அல்ல, யானைகள் தங்கி மேயும் வாழிடம். அதில் ஒற்றையடிப் பாதை போலக் கோடு போடுவதே தவறு என்று வாதிடும் அறிவியலாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையானால் அது கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்கான காரணமாகாது. கட்டடங்களை ஒரே இடத்தில் குவிக்க வேண்டும் என்ற வாதத்தைத்தான் அது பலப்படுத்துகிறது. வழி மாறக்கூடிய விலங்குக்கு ஏற்ற ஒரே பாதுகாப்பு, பெரும்பரப்பைத் திறந்து வைத்திருப்பது.

அடுத்தது சொத்துரிமை. 1978இன் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லை. ஆனால் சட்டத்தின் வழியன்றி யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்று 300ஏ பிரிவு சொல்கிறது. பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது வேறு, நிலத்தையே எடுத்துக்கொள்வது வேறு. விவசாயம் செய்யலாம், குடியிருக்கலாம், விடுதி மட்டும் கூடாது என்றால் அது கட்டுப்பாடு. அதற்கு இழப்பீடு கேட்பது நகரத்தில் தொழிற்சாலை கட்ட விடாததற்கு இழப்பீடு கேட்பது போலத்தான். வேலி கூடாது, வீடு கூடாது, பயிர் வைத்தாலும் யானைக்கே என்ற நிலை வந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் அது எடுத்துக்கொள்வதுதான். அந்த நிலத்தை அரசு விலை கொடுத்து வாங்க வேண்டும், நில எடுப்புச் சட்டத்தின் விலையில். இந்தச் செலவை ஏற்க மனமில்லாத அரசுதான் கோட்டைத் தெளிவில்லாமல் விட்டுவைக்கும் சோதனைக்கு ஆளாகிறது. கோடு மங்கலாக இருக்கும்வரை யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை அல்லவா? சலுகைக்கு உரியவர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2010க்கு முன் முறையான அனுமதியோடு வீடு கட்டியவரும், வீட்டு அனுமதியில் இருபது அறை கட்டியவரும் ஒரே வரிசையில் நிற்கக்கூடாது. முத்திரை வைக்கும் ஆணைக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை, திட்டத்துக்குத் தெரியும்.

விடுதிகள் மூடினால் ஜீப் ஓட்டுபவர், சமையல்காரர், அறை கூட்டும் பெண்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை விடுதி முதலாளிகள் எழுப்புகிறார்கள் என்பதற்காகவே அதைத் தள்ளிவிட முடியாது. சம்பளம் உண்மையானது. ஆனால் அந்தச் சம்பளத்துக்குச் சிதறிய விடுதி தேவையில்லை. ஊரை ஒட்டிய விடுதியும் அதே ஜீப்பை, அதே சமையலைக் கேட்கும். 2021 ஜனவரியில் மசினகுடியில் தனியார் தங்குமிடம் ஒன்றிலிருந்து எரியும் டயரை வீசியதில் காது கருகி ஒரு யானை இறந்தது. நாடு முழுவதும் பரவிய அந்தக் காட்சி மனிதக் குரூரத்தின் சான்றாகப் பேசப்பட்டது. நில ஒழுங்கின் சான்றாகவும் அதைப் படிக்கலாம்: அனுமதியில்லாத தங்குமிடம் யானை நடமாடும் இடத்தில் இருந்தது, உறங்க வந்தவரும் மேய வந்த யானையும் ஒரே இரவில் சந்தித்தார்கள். இருளர், குறும்பர் குடியிருப்புகளின் கணக்கு முற்றிலும் வேறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தரும் உரிமை சுற்றுலாத் தொழிலுக்குத் தரப்படும் சலுகை இல்லை. கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் நிலத்தின் மேல் எந்த வண்ணமும் பூசக்கூடாது. விடுதிக்காரர்கள் ஆதிவாசிகளைக் கேடயமாக நிறுத்துவதும், அதிகாரிகள் விடுதியை அகற்றும் சாக்கில் ஆதிவாசிகளையும் நகர்த்தப் பார்ப்பதும் வரைபடம் இல்லாத இடத்தில்தான் சுலபம்.

முன்கூட்டியே வரைபடம் வெளியிட்டால், கோடு இறுதியாவதற்குள் அவசரமாகக் கட்டிவிடுவார்களே என்பது நடைமுறை அறிந்தவர்கள் சொல்லும் கடைசி ஆட்சேபம். கட்டுவார்கள். அடிரான்டாக்கில் இதைத் தெரிந்துதான், 1973இல் திட்டம் வரும்வரை பெரிய கட்டுமானங்களைப் பரிசீலிக்கும் இடைக்கால அதிகாரத்தை 1971 சட்டமே முகமைக்குத் தந்தது. வரைவு வெளியாகும் நாளிலிருந்து குறித்த சர்வே எண்களில் புதிய வணிக அனுமதியும் அதற்கான மின் இணைப்பும் கிடையாது என்று ஓர் இடைக்கால ஆணை போடுவது தமிழக அரசுக்கு இயலாத காரியமில்லை. அதே ஆணை மின்வாரியத்தையும் நெடுஞ்சாலைத் துறையையும் கட்டுப்படுத்த வேண்டும். குழாயும் கால்வாயும் வைத்திருப்பவர் குடில் வைத்திருப்பவருக்கு மட்டும் விதி சொன்னால் அது எடுபடாது.

இந்த வாதத்தை உரசிப் பார்க்க ஒரு வாய்ப்பு 2024 ஏப்ரல் இறுதியில் வந்தது. தமிழக வனத்துறை மாநிலத்தில் 42 யானை வழித்தடங்களை அடையாளம் கண்ட வரைவு அறிக்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வரைவைக் கட்டடங்கள் எழும்பும் முன் மக்கள் முன் வைத்தது சீகூரில் நடக்காத நல்ல காரியம். ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கருத்துச் சொல்லத் தந்த அவகாசம் ஏறத்தாழ ஒரு வாரம். கூடலூர் பக்கம் பதற்றம் கிளம்பியது. பழைய ஜன்ம முறை நிலங்களின் உரிமைச் சிக்கல், அந்த முறையை ஒழித்த 1969 சட்டத்துக்குப் பின்னும் தீராமல் கிடக்கும் ஊர்களில் அந்தப் பதற்றத்துக்குக் காரணம் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வரைவு இறுதியாகும்போது அதில் நான் தேடப்போவது வழித்தடங்கள் எத்தனை என்பதை அல்ல. ஊராட்சிவாரியாகத் தமிழில் சர்வே எண்கள் உண்டா, ஒவ்வொரு எண்ணிலும் எது கூடும் எது கூடாது என்று எழுதியிருக்கிறதா, எந்த எண்களை அரசு வாங்கப்போகிறது, அதற்கு எந்த ஆண்டு வரவுசெலவில் பணம் ஒதுக்கியிருக்கிறது, அந்தப் பட்டியல் சார்பதிவாளர் கணினிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பவற்றைத்தான்.